வீட்டு விவகாரம்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மதுவிலக்கைப் பற்றிச் சென்ற மாதம் எழுதிய கட்டுரையில், "வயது வந்த ஒருவர் தன் வீட்டில், தன் காசில் என்ன குடிக்கிறார் என்பதில் அரசாங்கத்துக்கு வேலை இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் மும்பையின் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து தோல் பதனிடும் கிடங்கில் வேலை பார்த்தார். அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்துக் கொடுப்பார். அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் சுமந்து விற்பவர்கள் வந்து வாங்கிக்கொண்டு சயான், மாதுங்கா என்று போவார்கள். அப்பாவின் கூலியும் அம்மாவின் இட்லிக் காசும் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான். எங்கள் சந்துக்குப் பின்னால் திருட்டுத்தனமாகச் சாராயம் விற்கும் ஓர் அட்டா இருந்தது. சனிக்கிழமைதோறும் அங்கே ஹப்தா என்னும் வார மாமூல் வாங்க ஒரு போலீஸ்காரர் வருவார். குழந்தைகளான எங்களைப் பார்த்தால் சிரிக்கவும் செய்வார்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, ஒரு இரவு அப்பா அடித்ததில் அம்மாவின் வலது முன்கை எலும்பு முறிந்தது. அம்மாவும் நானும் போலீஸ் சௌக்கிக்குப் போனோம். அங்கே உட்கார்ந்திருந்தவர் அதே சனிக்கிழமைக்காரர். "கர் கா மாம்லா ஹை, இது வீட்டு விவகாரம், வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார். என் பதினாறாவது வயதில் அப்பா ஈரல் கெட்டு இறந்தார். அம்மா இருக்கிறார். அந்தக் கையால் இன்றும் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது.

தன் வீடு, தன் காசு என்கிறீர்களே, அந்த வீடு யாருடையது? அந்தக் காசு யாருடையது? மாதுங்காவில் மாடியில் உட்கார்ந்துகொண்டு தனிமனித சுதந்திரத்தைப் பற்றி எழுதுவது எளிது. அந்தக் கணக்கில் என் அம்மாவின் சுதந்திரம் எந்தப் பத்தியில் வருகிறது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இப்போது எங்கள் பகுதியில் பள்ளிக்கூடத்துக்கு அருகே இருக்கும் நாட்டுச் சாராயக் கடையை மூட வேண்டும் என்று பெண்கள் வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்குகிறார்கள். என்னிடமும் வந்தார்கள். உங்கள் கட்டுரையைப் படித்திருந்ததால், பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படி அனுப்பியதை நினைத்தால் என் மேல் எனக்கே கோபமாக இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள், நான் கையெழுத்துப் போடலாமா, கூடாதா?

கடிதத்தை வெளியிடலாம். பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி, தாராவி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. இரண்டு முறை பதில் எழுதி இரண்டையும் கிழித்துப் போட்டேன். என் வரியைக் காப்பாற்றிக்கொள்ளும் முயற்சியாகவே அவை இருந்தன என்பது எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது. எனவே அந்த வரியைத் திருத்துவதிலிருந்து தொடங்குகிறேன். "தன் வீட்டில், தன் காசில்" என்று எழுதியபோது, தனியாக வாழ்ந்து தனியாகச் சம்பாதிக்கும் ஓர் ஆணையே நான் மனத்தில் வைத்திருந்தேன். நம் ஊர்களில் அப்படிப்பட்ட ஆண் அபூர்வம். நானே அப்படி வாழ்ந்ததில்லை. நாலு பேர் சாப்பிட வேண்டிய கூலியைத் 'தன் காசு' என்றும், வாடகையில் பாதியை மனைவி இட்லி விற்றுக் கொடுக்கும் அறையைத் 'தன் வீடு' என்றும் சொல்வது கணக்குப் பிழை. முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவன் செய்யக் கூடாத பிழை. மாதுங்கா மாடி என்பதும் உண்மைதான். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்பதைத் தவிர அந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்திலேயே, நீங்கள் அறிந்து எழுதினீர்களோ அறியாமல் எழுதினீர்களோ, என் பதில் இருக்கிறது. சனிக்கிழமை ஹப்தா வாங்க வந்த அதே மனிதர்தான், முறிந்த கையோடு நின்ற உங்கள் அம்மாவிடம் 'வீட்டு விவகாரம்' என்று சொன்னார். அரசாங்கத்தின் எல்லை எது என்று கேட்டு நூறு பக்கம் எழுதலாம்; இந்த ஒரு மனிதர் நின்ற இரண்டு இடங்களைப் பார்த்தாலே போதும். சாராயத்தைத் தடுக்கும் அதிகாரத்தைச் சட்டம் அவருக்குக் கொடுத்திருந்தது. அதை அவர் வருமானமாக மாற்றிக்கொண்டார். அடிபட்ட பெண்ணைக் காக்கும் கடமையையும் சட்டம் அவருக்குக் கொடுத்திருந்தது. அதை அவர் உங்கள் வீட்டு வாசலிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனார். அரசாங்கம் குறைவாக இருக்க வேண்டும் என்று நான் எழுதியபோது, முதலாவது இடத்தை மட்டும் நினைத்தேன். இரண்டாவது இடத்தில் அது இல்லவே இல்லை என்பதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

முதலாவது இடம் எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த நகரத்துத் தமிழர்களின் கதையில் ஒரு பகுதி அதற்குள்தான் இருக்கிறது. பம்பாய் மாகாணத்தின் மதுவிலக்குச் சட்டம் 1949-இல் வந்தது. 1950 ஏப்ரலில் முழு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அப்போது உள்துறை மொரார்ஜி தேசாயிடம் இருந்தது. மதுவை ஒழிக்க அரசு முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அது விவாதத்துக்கு வந்தபோது எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் ஆதிவாசிகளின் பிரதிநிதியான ஜெய்பால் சிங். ஆதிவாசிகளின் வழிபாட்டிலும் வயல் வேலையிலும் அரிசி மதுவுக்கு இருக்கும் இடத்தை எடுத்துச் சொல்லி, நகரத்து மேல்தட்டின் ஒழுக்கத்தை அவர்கள் மேல் ஏற்றாதீர்கள் என்ற பொருளில் அவர் வாதாடினார். அந்தக் குரல் எடுபடவில்லை.

பம்பாய்ச் சட்டம் எவ்வளவு தூரம் போனது என்றால், மதுவைப் புகழ்ந்து பேசுவதே அதன்படி குற்றமாக இருந்தது. பால்சரா என்ற பம்பாய்வாசி தொடுத்த வழக்கில், 1951-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைப் பேச்சுரிமைக்கு எதிரானது என்று தள்ளியது. மதுச்சாரம் கலந்த மருந்துகளையும் வாசனைத் திரவங்களையும் சேர்த்துத் தடுத்த விதிகளையும் தள்ளியது. சட்டத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரில் இன்றும் நிற்கிறது. பலருக்கு இது வியப்பாக இருக்கும்: இன்றைக்கும் மும்பையில் குடிக்க அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய், ஓர் ஆண்டுக்கு நூறு, ஆயுள் முழுவதற்கும் ஆயிரம். பியருக்கு 21 வயது, கடும் மதுவுக்கு 25 வயது. இந்த நாட்டில் 18 வயதில் அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த அரசாங்கத்தைச் சகித்துக்கொள்ளத் தேவையானதை வாங்க இன்னும் ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். ஒரு நாள் சீட்டைக் கடைக்காரரே கட்டுக்கட்டாக வைத்திருப்பார். யாரும் கேட்பதில்லை, யாரும் பார்ப்பதுமில்லை. கேட்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றும் நாளில் மட்டும் அது கேட்கப்படும். அமல்படுத்தப்படாத சட்டம் செத்துப்போன சட்டம் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. அது யாரோ ஒருவருடைய சட்டைப் பைக்குள் இருக்கும் சட்டம்.

மதுவிலக்கு முழுமையாக இருந்த ஆண்டுகளில் வசதியானவர்கள் மருத்துவச் சான்று காட்டி, உடல்நலத்துக்காக என்று அனுமதி பெற்றுக் குடித்தார்கள். வசதியில்லாதவர்களுக்குச் சந்துக்குள் 'ஆன்ட்டி' என்று அழைக்கப்பட்ட பெண்கள் நடத்திய அட்டாக்கள் இருந்தன. அவற்றுக்குச் சரக்குக் கொடுத்துப் பெரிய ஆளாக எழுந்தவர்களில் நம்மவர் ஒருவர் உண்டு. வி.டி. ரயில் நிலையத்தில் சுமை தூக்கத் தொடங்கிய வரதராஜ முதலியார், கள்ளச்சாராயத்தின் வழியாகவே இந்த நகரத்தின் மிகப் பெரிய தாதாக்களில் ஒருவரானார். தாராவியிலும் மாதுங்காவிலும் அவரைப் பற்றி நன்றியோடு பேசும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாதுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே அவர் நடத்திய கணபதிப் பந்தலைப் பற்றிச் சொல்லும்போது அவர்களுடைய முகம் மலரும். அந்த மலர்ச்சியை நான் குறைசொல்ல மாட்டேன். அரசாங்கம் வராத தெருவில் யாராவது ஒருவர் அரசாங்கமாக வேண்டியிருந்தது. ஆனால் அவரை உருவாக்கிய மூலதனம் ஒரு நல்லெண்ணச் சட்டத்திலிருந்து வந்தது என்பதையும் மறக்க முடியவில்லை. 1960-களில் மதுவிலக்கு தளர்ந்த பிறகும், அந்த ஆண்டுகளில் காவல் துறைக்குப் பழகிப்போன ஹப்தா தளரவில்லை. உங்கள் சனிக்கிழமைக்காரர் அந்தப் பழக்கத்தின் வாரிசு.

இங்கே என் வாதத்துக்கு எதிரான ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். மதுவைச் சட்டப்படி விற்றால் கள்ளச்சாராயம் ஒழியும் என்று முன்பெல்லாம் எளிதாக எழுதிவந்தேன். 2015 ஜூனில் இந்த நகரத்தின் மால்வணியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது மும்பையில் மதுக்கடைகள் திறந்தே இருந்தன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் இறந்தபோது, தமிழ்நாட்டில் டாஸ்மாக் திறந்தே இருந்தது. கடை திறந்திருப்பது போதவில்லை. கடையில் கிடைப்பதைவிட மலிவாகக் கிடைக்கும் விஷத்தைத் தேடும் அளவுக்கு வறுமை இருந்தது, அதை விற்க விடும் அளவுக்குக் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கமும் இருந்தது. ஆகவே கடையைத் திறந்தால் எல்லாம் சரியாகும் என்று இப்போது நான் எழுத மாட்டேன். மூடினால் சரியாகும் என்பதும் அதே அளவுக்குத்தான் நம்பத்தக்கது.

கடிதத்தில் நீங்கள் ராஜாஜியைக் குறிப்பிடவில்லை. இந்தப் பேச்சில் வேறு வாசகர்கள் எப்போதும் குறிப்பிடுவார்கள். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று அரசாங்கம் எல்லாவற்றிலும் கைவைப்பதை எதிர்த்து 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவர் அவர். அவரேதான் 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியைப் புகுத்தியவரும் அவரே. தொழில் நடத்த ஒருவன் அரசிடம் சீட்டு வாங்கக் கூடாது என்று சொன்ன அதே மனிதர், 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள, தள்ளாத வயதில் முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கு நேரில் போனார். இதை முரண்பாடு என்று சிரித்துவிட்டுப் போகலாம். நானும் பல ஆண்டுகள் சிரித்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அவ்வளவு எளிதாகச் சிரிக்க முடியவில்லை. சாராயம் புகுந்த வீடுகளின் பெண்களை அவர் பார்த்திருந்தார் என்றே நினைக்கிறேன். அவர் கண்டது சரி, கையாண்ட கருவி தவறு என்பது என் கணிப்பு. கள்ளைத் தடுக்க எழுந்த அரசாங்கம், கள்ளுக்காரனை விரட்டிவிட்டு, பிறகு ஒரு நாள் தானே அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. 1983-இல் உருவான டாஸ்மாக், 2003-இல் சில்லறை விற்பனையையும் தன்வசமாக்கிக்கொண்டது. 2023-24-இல் அதன் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். குடிப்பவனைக் கட்டுப்படுத்துவதும் அவனிடம் விற்றுச் சம்பாதிப்பதும் எதிரெதிர்க் கொள்கைகள்போலத் தெரிந்தாலும், இரண்டிலும் அவன் அரசாங்கத்தின் பொறுப்பில் இருக்கும் ஓர் உருப்படிதான். முன்னதில் திருத்தப்பட வேண்டிய பிள்ளை, பின்னதில் கறக்கப்பட வேண்டிய மாடு. தான் செய்ததற்குத் தானே பதில் சொல்ல வேண்டிய மனிதனாக அவனை யாரும் நடத்தவில்லை.

உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு இப்போது வருகிறேன். தனிமனித சுதந்திரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், கிழக்கிந்தியக் கம்பெனியில் முப்பத்தைந்து ஆண்டுகள் கோப்புப் பார்த்தவர். பிறருக்குத் தீங்கு செய்யாதவரை ஒருவனை அவனுடைய நன்மைக்காக என்று சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அவருடைய 1859-ஆம் ஆண்டு வாதத்தை நானும் கட்டுரையில் பயன்படுத்தினேன். அதே வாதத்தின் பின்பகுதியில் அவர் சொன்னதை விட்டுவிட்டேன். குடிவெறியில் ஒரு முறை வன்முறை செய்து தண்டிக்கப்பட்டவனுக்கு, அவனுக்கென்று தனியாகத் தடை விதிக்கலாம் என்றும், பிறகு அவன் குடித்திருக்கும் நிலையில் பிடிபட்டாலே தண்டிக்கலாம் என்றும் மில் எழுதியிருக்கிறார். குடியால் குடும்பத்தைக் காப்பாற்றத் தவறியவன் தண்டிக்கப்படலாம். தண்டனை குடித்ததற்காக அல்ல, மனைவி மக்களுக்குச் செலுத்த வேண்டிய கடனைச் செலுத்தாததற்காக என்றும் பிரித்துச் சொல்கிறார். மதுவிலக்கை அவர் எதிர்த்தார். அதே மூச்சில் உங்கள் அப்பாவைச் சட்டத்தின் முன் நிறுத்தவும் இடம் வைத்தார். உங்கள் அம்மா வர வேண்டிய பத்தி அங்கே இருந்தது. அதை வெட்டி எழுதியவன் நான்.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்று விளங்க, நம் வீடுகளில் புழங்கும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "குடிக்காட்டித் தங்கமான மனுசன்." என் சித்தி தன் கணவரைப் பற்றி நாற்பது ஆண்டுகள் சொன்ன வாக்கியம் இது, நெற்றியில் தையல் போட்ட நாளிலும் அதையே சொன்னார். உங்கள் தெருவிலும் கேட்டிருப்பீர்கள். அன்பினால் சொல்லப்படும் வாக்கியம்தான், ஆனால் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். அடித்த கையை மனிதனிடமிருந்து பிரித்துப் பாட்டிலுக்குக் கொடுத்துவிடுகிறது. அடித்தது சாராயம், மனுசன் தங்கம். சட்டம் ஒருபோதும் இதை ஒப்புக்கொண்டதில்லை. தன் விருப்பத்தோடு குடித்தவன் 'வெறியில் செய்துவிட்டேன்' என்று தப்ப முடியாது என்று 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. சட்டம் ஒப்புக்கொள்ளாததை நாம்தான் அடுப்படியில் ஒப்புக்கொண்டோம். மதுவிலக்கு அந்த அடுப்படி வாக்கியத்தையே அரசாங்கக் கொள்கையாக்குகிறது என்பது என் முதன்மையான புகார். பாட்டிலை ஒழித்துவிட்டால் தங்கமான மனுசன் மிஞ்சுவான் என்று அது நம்புகிறது. ஒரே கிடங்கில் ஒரே கூலிக்கு வேலை பார்த்து, ஒரே அட்டாவில் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்துத் தூங்கியவர்களும் உங்கள் தெருவில் இருந்திருப்பார்கள். அவர்களுக்கும் உங்கள் அப்பாவுக்கும் உள்ள வேறுபாடு குவளைக்குள் இல்லை.

குடிநோய் ஒரு நோய் என்பதை மறுத்து இதை எழுதவில்லை. ஈரல் கெட்டு இறந்தவரை விரும்பித்தான் குடித்தார் என்று தள்ளிவிட முடியாது. நோயாளிக்குச் சிகிச்சை வேண்டும், அதற்கு அரசு செலவழிக்க வேண்டும். ஆனால் நோயாளி என்பதாலேயே ஒருவர் இன்னொருவரின் எலும்பை முறிக்கும் உரிமையைப் பெறுவதில்லை. சர்க்கரை நோயாளி யாரும் மனைவியை அடித்துவிட்டுச் சர்க்கரை கூடிவிட்டது என்று சொல்வதில்லை.

வள்ளுவரும் கள்ளுண்ணாமைக்குப் பத்துக் குறள் ஒதுக்கியிருக்கிறார். அதில் "உண்ணற்க கள்ளை உணில்உண்க சான்றோரான் எண்ணப் படவேண்டா தார்" என்ற குறளை ஏற்கெனவே அறிந்திருப்பீர்கள். குடிக்காதே, குடித்தே தீருவேன் என்றால் குடி, பெரியோர் உன்னை ஒரு பொருட்டாக எண்ண மாட்டார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொள். பேச்சு முழுவதும் குடிக்கிறவனோடு. அரசனின் கடமையைச் சொல்லும் இடத்தில் "குற்றம் கடிதல்" வேந்தன் தொழில் என்கிறார்; கள்ளைக் கடிதலை அங்கே சேர்க்கவில்லை. இதைக் கொண்டு சட்டம் எழுத முடியாதுதான். இருந்தாலும் எதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்த தெளிவு எனக்குப் பிடிக்கும்.

மதுவிலக்குச் சட்டம் பெண்களுக்காக என்று சொல்லப்படும்போது பீகாரை நினைத்துக்கொள்வேன். அங்கே 2016-இல், பெண்கள் கேட்டார்கள் என்று சொல்லித்தான் முழு மதுவிலக்கு கொண்டுவரப்பட்டது. அந்த ஆண்டு வந்த சட்டத்தின்படி, ஒரு வீட்டில் மது கிடைத்தால் அங்கே வசிக்கும் வயது வந்த எல்லோருமே குற்றத்துக்குப் பொறுப்பாவார்கள். அதாவது உங்கள் அப்பா பாட்டிலை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தால், அதற்காக உங்கள் அம்மாவையும் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். 2018-இல் அந்த விதியைத் திருத்தினார்கள். ஆனால் அப்படி ஒரு விதியை எழுத ஓர் அரசுக்குக் கை வந்தது என்பதே, வீட்டுக்குள் புகும் அதிகாரம் கடைசியில் யார் மேல் விழும் என்பதைக் காட்டுகிறது.

அப்படியானால் வீட்டுக்குள் அரசாங்கம் வரவே கூடாதா என்று கேட்பீர்கள். வர வேண்டும். உங்கள் அம்மா சௌக்கிக்குப் போன இரவில் அதற்கான சட்டம் இல்லாமலும் இல்லை. எலும்பு முறிவு 1860 முதலே கொடுங்காயம்; வேண்டுமென்றே அதை விளைவித்தால் ஏழாண்டு வரை சிறை. கணவனின் கொடுமையைத் தனிக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் 498-ஏ பிரிவு 1983-இலேயே வந்துவிட்டது. புகாரை எழுதிக்கொள்ள அந்த மனிதருக்குத் தேவைப்பட்டது ஒரு பேனா மட்டுமே. பிறகு 2005-இல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. அதன்படி, குத்தகை யார் பெயரில் இருந்தாலும், தான் வாழும் வீட்டில் வாழ மனைவிக்கு உரிமை உண்டு. அவளுடைய வருமானத்தைப் பறிப்பதும் வீட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் இருப்பதும் வன்முறையே. இட்லிக் காசு யாருடையது என்ற உங்கள் கேள்விக்கு இந்தச் சட்டத்தில் நேரடியான பதில் இருக்கிறது. புகார் வந்தால் அவளுக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்று எடுத்துச் சொல்வது போலீஸ்காரரின் கடமை என்றும், நீதித்துறை நடுவர் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணைத் தேதியைக் குறிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. நடைமுறையில் மூன்று நாள் மூன்று மாதமாவதை நானும் பார்த்திருக்கிறேன். பாட்டிலைத் தேடி அலைய ஆள் இருக்கும் ஓர் அரசாங்கத்தில், இந்தச் சட்டத்துக்கு மட்டும் ஆள் போதவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது, மகிழ்ந்து ஒரு கட்டுரை எழுதினேன். அதே தீர்ப்பில், வீட்டுக்குள் பெண்ணுக்கு நடக்கும் கொடுமையை மறைக்கும் திரையாக அந்தரங்கம் ஆகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருந்தது. அதை நான் எழுதாமல் விட்டது இப்போது உறுத்துகிறது. அந்தரங்கம் ஆளுக்கு உரியது; கதவுக்கோ கூரைக்கோ உரியது அல்ல. 'கர் கா மாம்லா' என்று சொன்னவர் கூரைக்கு மரியாதை கொடுத்தார், அதன் கீழிருந்த இருவரில் ஒருவருக்கு மட்டும்.

கடைசியாகக் கையெழுத்து. 2008-இல் மகாராஷ்டிர அரசு பிறப்பித்த ஆணையின்படி, ஒரு வார்டின் பெண் வாக்காளர்களில் கால்வாசிப் பேர் மனுக் கொடுத்தால் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். எதிராகப் போதிய வாக்குகள் விழுந்தால் கடை மூடப்படும். சீட்டில் இரண்டு படங்கள் இருக்கும்: நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில். மராத்தியில் 'உபி பாட்லி, ஆட்வி பாட்லி' என்பார்கள். மும்பையின் 227 வார்டுகளில் ஒன்றில் கால்வாசிப் பெண்கள் என்றால் ஆயிரக்கணக்கான கையெழுத்துகள். உங்கள் பெண்களுக்கு நிறைய மாடிப்படிகள் காத்திருக்கின்றன. பெரும்பான்மையின் வாக்கால் சிறுபான்மையின் பழக்கத்தைத் தடுக்கலாமா என்ற தயக்கம் எனக்கு எப்போதும் உண்டு. இன்று குடி, நாளை இறைச்சி, மறுநாள் இன்னொன்று. ஆனால் அந்த மனுவில் கேட்பது வேறு. ஒருவர் தம் அறையில் என்ன குடிக்கிறார் என்பதை அது தொடவில்லை. பள்ளிக்கூட வாசலில் வியாபாரம் நடத்த ஒருவருக்குக் கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறச் சொல்கிறது. உரிமம் சுதந்திரம் அல்ல, ஊர் சார்பாக அரசு கொடுத்த சலுகை; அதைப் பற்றி ஊர் பேசலாம், அந்தத் தெருவில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் முதலில் பேசலாம். ஆகவே போடுங்கள். நாளைக்கு வாருங்கள் என்று சொன்னதற்காக வருந்த வேண்டாம். வாருங்கள் என்றுதானே சொன்னீர்கள்.

கடை போன பிறகு சந்துக்குப் பின்னால் என்ன முளைக்கிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள். மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் பெண்கள் பல ஆண்டுகள் போராடி 2015-இல் மதுவிலக்கு வாங்கினார்கள். கள்ளச் சந்தை பெருகிவிட்டது என்று சொல்லி 2021-இல் அரசு அதை விலக்கியது. அந்தப் பெண்களின் உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

கையெழுத்து வாங்க வருபவர்களிடம், அதே அலைச்சலில் இன்னொரு தாளும் கொண்டுபோக முடியுமா என்று கேளுங்கள். உங்கள் பகுதிச் சௌக்கியில் கடந்த ஓராண்டில் குடும்ப வன்முறைப் புகார் எத்தனை வந்தது, எத்தனை பதிவானது, அந்த 2005 சட்டப்படி உதவ வேண்டிய பாதுகாப்பு அலுவலருக்கு எத்தனை அனுப்பப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கும் விண்ணப்பம் அது. கட்டணம் பத்து ரூபாய். அதற்குக் கால்வாசிப் பெண்கள் தேவையில்லை, ஒருவர் போதும். மராத்தியில் எழுத உதவி வேண்டுமானால் சொல்லுங்கள். என்னுடையது வங்கி மராத்திதான், ஆனாலும் விண்ணப்பம் எழுதப் போதும். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்